ஜெஸிமாவும் வாசலோடு திரும்பியவர்களும்

ஜெஸிமா செய்யும் தொழிலுக்குத் திருச்சிக் கடைவீதியில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. காந்தி மார்க்கெட்டில் அவரை ‘நெட்டு விளம்பரம் போடுற அம்மா’ என்பார்கள். திருவானைக்காவலில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் பிச்சையோ, ‘நம்ம கடையைப் போன்ல மேல தூக்கி விடுறவங்க’ என்று அறிமுகப்படுத்துவார். இரண்டாவது விளக்கமே உண்மைக்கு நெருக்கமானது. ஒருவர் தம் கைப்பேசியில் ‘குத்துவிளக்கு’ என்றோ ‘நல்லெண்ணெய்’ என்றோ தேடும்போது எந்தக் கடையின் விளம்பரம் உச்சியில் நிற்க வேண்டும், எந்த ஊர்க்காரர் கண்ணில் பட வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பதே அவர் வேலை. அந்த விளம்பரத்தை யாரேனும் தொட்டால், தொட்ட ஒவ்வொரு முறைக்கும் கடைக்காரர் தேடுதளத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

பாலக்கரையில் குடைக்கடை வைத்திருந்த அப்துல் அஹதின் மூத்த மகள் ஜெஸிமா. வணிகவியல் படித்தவர். கணவர் நஸ்ருல்லா குவைத்திலிருந்து திரும்பி வந்து இருசக்கர வாகனங்களுக்கு இருக்கை உறை தைக்கும் கடை தொடங்கியபோது, அதற்கு இணையத்தில் விளம்பரம் செய்யத் தெரிந்தவர் எவரும் அகப்படவில்லை. ஆகவே ஜெஸிமாவே கற்றுக்கொண்டார். குழம்பு கொதிக்கும் நேரத்தில் காணொளிப் பாடங்களைக் கேட்டார். புரியாத இடத்தை மறுநாள் மீண்டும் கேட்டார். உறைக் கடை நிலைபெற்றது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து கேட்டார்கள். சில ஆண்டுகளில், சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, இணையதளம் வடிவமைக்கும் பேட்ரிசியாவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். கீழே நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவும் ஓசையில் இருவரும் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுவதைக் கேட்டால், பேருந்து நிலையத்தையே அவர்கள்தாம் நடத்துகிறார்கள் என்று தோன்றும்.

ஜெஸிமாவுக்கு ஒரு குணம் உண்டு. ‘தெரியவில்லை’ என்று சொல்ல அவர் கூசுவதில்லை. ‘இருக்கலாம்’ என்று சொல்லத்தான் கூசுவார். தம்மால் சுட்டிக்காட்ட இயலாத எதையும் விடையாக அவர் ஏற்றதில்லை. சென்ற புரட்டாசியில் அவரைக் காப்பாற்றியது இந்தக் குணமே.

ஸ்ரீரங்கத்தில் தங்கையன் நடத்தும் பித்தளைப் பாத்திரக் கடைக்கு ஜெஸிமா விளம்பரம் செய்து வந்தார். ஜெஸிமாவின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தங்கையனின் வாய்ச்சொல்லால் வந்தவர்கள். ராஜகோபுரத்துக்கு எதிர்ச் சாரியில் உள்ள காபிக் கடையில் மாலைதோறும் கூடும் வியாபாரிகள் நடுவில் தங்கையன் ஒருவரைப் புகழ்ந்தால், மறுநாள் அவருக்கு வேலை வரும்; பழித்தால், இருக்கும் வேலையும் போகும். அந்தத் தங்கையன் ஒருநாள் ஜெஸிமாவைக் கடைக்கு அழைத்தார். வழக்கமாக முதலில் காபி வரும். அன்று வரவில்லை.

“உக்காருங்கம்மா. எங்க மாப்பிள்ளை சென்னையிலேருந்து ஒண்ணு சொல்றாரு. கேட்டதுலேருந்து மனசு சரியில்ல.”

“சொல்லுங்கண்ணே.”

“நம்ம வெப்சைட்டுல யாரு வர்றா போறான்னு எண்ணுறதுக்கு அவரு தனியா ஒண்ணு வெச்சிருக்காராம். நீங்க மாசாமாசம் காட்டுறீங்களே, இத்தனை பேரு விளம்பரத்தைத் தொட்டாங்கன்னு. நூறு பேரு தொட்டதா உங்க கணக்கு சொன்னா, அறுபது பேருதான் உள்ள வந்ததா அவரு கணக்கு சொல்லுது. மீதி நாப்பது பேரு எங்கம்மா போனாங்க? காவேரியில இறங்கிட்டாங்களா?”

“கொஞ்சம் வித்தியாசம் எப்பவும் இருக்கும்ணே. சத்திரத்துலேருந்து ஆட்டோ ஏறி உங்க கடைக்கு வர்றவங்கன்னு வெச்சுக்கங்க. ஆட்டோக்காரர் ஏறின ஆளை எண்ணுவாரு. நீங்க வாசல்படி ஏறி உள்ள வந்த ஆளை எண்ணுவீங்க. நடுவுல நாலு பேரு மனசு மாறி இறங்கிப் போயிடுவாங்க.”

“நாலு பேரு போனா ஒத்துக்கலாம். நாப்பது பேரு வாசலோட திரும்புனா, ஒண்ணு என் கடையில பேய் இருக்கணும், இல்லாட்டி ஆட்டோக்காரரு பொய் சொல்லணும்.”

மாப்பிள்ளை சிவசங்கர் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்பவர். அவரைத் தொலைபேசியில் இணைத்தார் தங்கையன். சிவசங்கர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது மரியாதையானதன்று. “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. காசு குடுத்தா பொய்க் கிளிக் போட்டுத் தர்ற ஆளுங்க இருக்காங்க. எண்ணிக்கையை ஏத்திக் காட்டினா கடைக்காரங்க சந்தோஷப்படுவாங்கன்னு சில ஏஜென்சியே இதைப் பண்ணுது. நீங்க பண்ணீங்கன்னு சொல்லல.”

“சொல்லல. ஆனா நினைக்கிறீங்க,” என்றார் ஜெஸிமா.

தங்கையன் தொண்டையைச் செருமினார். “கார்த்திகைக்கு விளக்கு வியாபாரம் சூடு பிடிக்கும். ஐப்பசி பொறக்குறதுக்குள்ள அந்த நாப்பது பேரும் யாருன்னு காட்டுங்க. இல்லேன்னா நான் காபிக் கடையில வாயைத் திறக்க வேண்டியிருக்கும். என்னை நம்பித்தானே அத்தனை பேரும் உங்ககிட்ட வந்தாங்க?”

அச்சுறுத்தும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொன்னார். அதனாலேயே அது நடக்கும் என்று ஜெஸிமாவுக்கு விளங்கிற்று. தொழில் போவது ஒருபுறம். பொய் எண்ணிக்கை காட்டிப் பிழைத்தவள் என்ற பெயர் பாலக்கரை வரை வந்து சேர ஒரு வாரம் போதும்.

அறைக்குத் திரும்பிய ஜெஸிமாவிடம் செய்தியைக் கேட்ட பேட்ரிசியா கொதித்தெழுந்தார். “அந்த மாப்பிள்ளைக்கு நான் ரெண்டு வார்த்தை போட்டு விடவா அக்கா?”

“வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். முதல்ல நம்ம பக்கம் குத்தம் இருக்கான்னு பாப்போம். அவங்க கடை வெப்சைட்டு முகப்புல எவ்வளவு பெரிய படம் போட்டு வெச்சிருக்கே?”

“அஞ்சடுக்கு விளக்குக்கா. சின்னதா போட்டா கும்பிடத் தோணுமா?”

“கும்பிட வரல பேட்ரி, வாங்க வர்றாங்க. படம் திறக்குறதுக்குள்ள ஆள் போயிடுறான்.”

படத்தின் அளவைக் குறைத்தார்கள். பக்கம் விரைவாகத் திறந்தது. இடைவெளி சற்றே சுருங்கியது, ஆனால் தீரவில்லை. விளையாட்டுச் செயலிகளில் தவறுதலாக விரல் பட்டுத் திறக்கும் விளம்பரங்கள் கணக்கில் சேர்கின்றனவா என்று பார்த்தார் ஜெஸிமா. அவ்வகை இடங்களில் அவர் விளம்பரம் தரவே இல்லை. எண்ணும் கருவி பக்கத்தின் அடியில் தாமதமாக விழிக்கிறதா என்று பார்த்தார், சரியாகவே விழித்தது. போட்டிக் கடைக்காரர் எவரேனும் ஆளை வைத்துத் தொடச் செய்கிறாரோ என்று பேட்ரிசியா ஐயுற்றார். ஆனால் ஒரே கைப்பேசி திரும்பத் திரும்பத் தொட்டால் தேடுதளமே அதை ஐயுற்று விலக்கிவிடும். இங்கே தொட்டவையெல்லாம் வெவ்வேறு கைப்பேசிகள். லால்குடி, முசிறி, துறையூர், குளித்தலை என்று வெவ்வேறு ஊர்கள். ஒன்றுகூட நாளுக்கு இரு முறை தொடவில்லை. இத்தகைய ஒழுக்கம் மிக்க மோசடிக்காரர்களை ஜெஸிமா கேள்விப்பட்டதில்லை.

பிறகு சொடுக்குகளை நேரவாரியாகப் பிரித்து வரைபடமாக்கினார். வாசலோடு திரும்பியவர்கள் அனைவரும் காலையில், கடை திறக்கும் வேளையில் வந்தவர்கள். நண்பகலுக்குப் பின் இரு கணக்கும் ஏறக்குறைய ஒத்துச் சென்றன. காலையில் வந்தவர்கள் ‘விளக்கு’ என்றோ ‘பித்தளை’ என்றோ தேடவில்லை. தங்கையன் கடையின் பெயரையே தட்டித் தேடியிருந்தார்கள். ‘நம்ம பேரைத் தேடினா நாமதான் முதல்ல வரணும்’ என்று தங்கையன் வற்புறுத்தியதால், கடைப் பெயருக்கும் விளம்பரம் வைத்திருந்தார் ஜெஸிமா. பெயர் சொல்லித் தேடுவோர் பழைய வாடிக்கையாளர்கள் என்றே அவர் இதுவரை எண்ணி மகிழ்ந்திருந்தார்.

வரைபடத்தில் இன்னொன்றும் தென்பட்டது. ஆவணியில் சில நாள்கள் அந்தக் காலைக் கூட்டம் அடியோடு காணாமற்போயிருந்தது. அந்நாள்களில் தொட்டவரும் உள்ளே வந்தவரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தனர். பிறகு திடீரென்று கூட்டம் திரும்பி வந்தது.

ஜெஸிமா தங்கையனுக்குத் தொலைபேசினார். “அண்ணே, ஆவணியில கொஞ்ச நாள் கடை மூடியிருந்ததா?”

“இல்லம்மா, திறந்துதான் இருந்துச்சு. ஆனா நாங்க யாரும் போகல. எங்க பெரியப்பா லால்குடியில தவறிட்டாரு. தீட்டு. வேலையாளுதான் திறந்து மூடினான். கடையில விளக்குக்கூட ஏத்தல. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்ணே. நாளைக்குக் காலையில கடைக்கு வரேன்.”

தொலைபேசியை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பேட்ரிசியா வரைபடத்தை மறுபடியும் பார்த்தார். பிறகு மேசையில் அடித்தார். “ஏங்க்கா, எந்தப் போட்டிக் கடைக்காரன் இவங்க வீட்டுத் தீட்டைக் காக்குறான்?”

“அதான் எனக்கும் தெரியணும்,” என்றார் ஜெஸிமா. “தீட்டுப் பாக்குற மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. இது மனுஷங்க செய்யுற வேலை. அந்த வீட்டு மனுஷங்க.”

மறுநாள், கடையின் இரும்புக் கதவு மேலேறுமுன் ஜெஸிமா வாசலில் நின்றார். வேலையாள் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டார். தங்கையனின் மனைவி ராசாத்தி வந்தார், விளக்கேற்றினார், ஊதுபத்தியைக் கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் காட்டினார். பிறகு கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, ஒற்றை விரலால் எதையோ தட்டினார். திரையை ஒருமுறை தொட்டார். பக்கம் திறப்பதற்குள் மூடினார். கைப்பேசியை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டு லட்சுமி படத்தின் அடியில் வைத்தார்.

“அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?”

“போணி பண்ணேன்மா. கடைக்குப் போணி பண்ண யாராச்சும் காலையில வந்துடுறாங்க. நெட்டுக் கடைக்கு யாரு பண்றது?”

“எதைத் தொட்டீங்க?”

“நம்ம கடைப் பேரைப் போட்டா முதல்ல வருதே, நீங்க போட்டுக் குடுத்தது, அதைத்தான்.”

“தொட்ட உடனே மூடிட்டீங்களே?”

ராசாத்தி அவரை இரக்கத்தோடு பார்த்தார். “கடைக்காரங்க வீட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்க, இதுகூடத் தெரியாதா? போணி பண்றவங்க நின்னு பொருளைப் புரட்டிக்கிட்டு இருக்கலாமா? பாத்துட்டு வாங்காமப் போனா அன்னைக்கு முழுக்க வர்றவன் எல்லாம் பாத்துட்டுத்தான் போவான். அதான், தொட்டோமா போனோமான்னு இருக்கணும்.”

லட்சுமி படத்தின் அடியில் கைப்பேசி மணியடித்தது. மீண்டும் அடித்தது. நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கியது.

“யாருக்கா இத்தனை பேரு?”

“நம்ம சொந்தக்காரங்க குரூப்பு. லால்குடி நாத்தனாரு, முசிறிக் கொழுந்தனாரு, துறையூரு சித்தி. எல்லாரும் தொட்டுட்டு ஒரு கும்பிடு போட்டுருவாங்க. பாருங்க.”

திரை முழுவதும் கூப்பிய கைகள் நிரம்பியிருந்தன. நடுநடுவே ‘போணி ஆச்சு’ என்ற வாசகம்.

“எல்லாருமா தினமும்?”

“யாரு கை ராசிக் கைன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்? அதான் ஒருத்தர் விடாம சொல்லி வெச்சேன். தீட்டு நேரத்துல மட்டும் வேண்டாம்னுட்டேன்.” ராசாத்தி குரலில் பெருமை ஏறிற்று. “மாப்பிள்ளைதான் எப்பவும் முதல் ஆளு. மாமியா சொல்லைத் தட்ட மாட்டாரு.”

ஜெஸிமா, கவிழ்த்து வைத்திருந்த அண்டா ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். “சுப்ஹானல்லாஹ்,” என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், அண்டா அதிர்ந்தது.

பெருமாளைச் சேவித்துவிட்டுத் தங்கையன் உள்ளே வந்தபோது மனைவி திகைத்து நிற்க, ஜெஸிமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“நாப்பது பேரையும் கண்டுபிடிச்சுட்டேன்ணே. எல்லாரும் உங்க வீட்டுக் கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்தவங்கதான்.”

விவரம் கேட்டதும் தங்கையன் உடனே ஒப்பவில்லை. “வீட்டு ஆளுங்க தொடுறது எல்லாமா கணக்குல சேரும்? நானும்தான் தொடுறேன். நம்ம கடைக்குள்ள நாமளே போறதுக்கு எவனாச்சும் காசு கேப்பானா?”

“அவனுக்கு நாத்தனாரும் தெரியாது, கொழுந்தனாரும் தெரியாது. தொட்டா ஒண்ணு. அவ்வளவுதான்ணே. உங்க சொந்தபந்தம் அத்தனை பேரும் உங்க செலவுல ஆட்டோ பிடிச்சு வந்து, வாசல்ல ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. தினமும்.”

தங்கையன் மனைவியைப் பார்த்தார். ராசாத்தி தரையைப் பார்த்தார். “நல்லதுக்குத்தானே செஞ்சேன்,” என்றார் மெல்லிய குரலில்.

ஜெஸிமாவின் திறமை இந்த இடத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டது. தம் பேச்சு மெய்ப்பட்டதும் எழுந்து போயிருக்கலாம். அவரோ ராசாத்தியின் அருகில் சென்று அமர்ந்தார். “அக்கா, போணியை விட வேண்டாம். வழியை மட்டும் மாத்துவோம். எங்க பேட்ரிசியா கடைக்கு ஒரு பட்டன் மாதிரி சின்னம் செஞ்சு தருவா. அதை எல்லாரும் போன்ல வெச்சுக்கட்டும். அதைத் தொட்டா விளம்பரம் வழியா வராம நேரா கடைக்குள்ள வந்துடலாம். ஒத்தைக் காசு செலவில்ல. வந்தவங்க ஒரு விளக்கையாவது நிதானமா பாத்துட்டுப் போகட்டும்.”

“பாத்துட்டு வாங்காமப் போனா ஆகாதுன்னு இப்பதானேம்மா சொன்னேன்?”

“அப்ப வாங்கச் சொல்லுங்கக்கா!”

ராசாத்திக்கு அது நியாயமாகவே பட்டது. அன்றே குழுவில் குரல் பதிவு போட்டார், அதட்டலாகவே போட்டார்.

ஜெஸிமா அத்துடன் அமையவில்லை. கண்ணால் கண்டது போதாது, கணக்கும் ஒத்துவர வேண்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தார். அந்த வாரம் விளம்பரத்தைத் தொட்டவர்களும் கடைக்குள் வந்தவர்களும், ஆட்டோவிலிருந்து பாதியில் இறங்கும் சிலரைத் தவிர, ஒத்துப்போயினர். வீணாகாத கட்டணத்தில் விளம்பரம் மாலை வரை நின்றது. முன்பெல்லாம் பிற்பகலிலேயே நாளுக்குரிய தொகை தீர்ந்து மறைந்துவிடும். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் விளக்குகள் கேட்டு வந்தார்கள். லால்குடி நாத்தனாரோ, வெறுங்கையோடு போகக் கூசி ஒரு ஜோடிக் காமாட்சி விளக்கு வாங்கினார். அதைக் குழுவில் அறிவித்ததும், அவருக்குச் சளைக்கலாகாது என்று முசிறியும் துறையூரும் வாங்கின.

சிவசங்கரே அழைத்தார். “மேடம், என்னோட கணக்கும் உங்க கணக்கும் டேலி ஆயிடுச்சு. நான் சாரி சொல்லணும்.”

“நீங்க மாமியார் பேச்சைத் தட்டாத மாப்பிள்ளை. உங்களை எப்படிக் கோவிச்சுக்கிறது?” என்றார் ஜெஸிமா.

சிவசங்கர் குரலைத் தாழ்த்தினார். “அதையும் சொல்லிட்டாங்களா?”

தங்கையன் தட்டில் பழம், வெற்றிலையோடு ஒரு புடவையும் வைத்துச் சத்திரம் மாடி அறைக்கே வந்தார். ஜெஸிமா பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். “அண்ணே, என்னைப் பத்திக் காபிக் கடையில சொல்றதா இருந்தீங்க. சொல்லிட்டீங்களா?”

தங்கையன் நெளிந்தார். “முழுசா சொல்லல. மனசு தாங்காம ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட...”

“அப்ப முழுசாச் சொல்லிடுங்க. எல்லாரும் இருக்கும்போது. நானும் வரேன்.”

அன்று மாலை காபிக் கடையில் இடமில்லாமல் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். பேட்ரிசியாவும் வந்திருந்தார், இக்காட்சியைத் தவறவிட அவர் ஆயத்தமாக இல்லை. தங்கையன் எழுந்தார். பித்தளை அண்டாவுக்கு விலை சொல்லும் அதே உரத்த குரலில் தொடங்கினார்.

“ஜெஸிமா அம்மா பொய்க் கணக்குக் காட்டுறாங்கன்னு நான் ஒண்ணு ரெண்டு பேர்கிட்டச் சொன்னேன். அது தப்பு. பொய் சொன்னது அவங்க கணக்கு இல்ல. என் வீட்டு ஆளுங்க எல்லாரும் தினம் காலையில போணி பண்றோம்னு என் விளம்பரத்தைத் தொட்டுத் தொட்டு என் காசைக் கரைச்சிருக்காங்க. நானும் சேந்துதான் கரைச்சேன். அத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூடப் புரியல. அவங்க கண்டுபிடிச்சாங்க. என் கடை விளம்பரம் அவங்ககிட்டத்தான் இருக்கும். இதை யாரு வேணும்னாலும் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்கங்க.”

கைதட்டல் வரும் என்று பேட்ரிசியா எதிர்பார்த்தார். வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க் கடை பிச்சைதான் முதலில் வாய் திறந்தார்.

“வீட்டு ஆளுங்க தொட்டாக்கூடவா காசு ஓடும்?”

“ஏன்ணே, உங்க வீட்டுலயுமா?” என்றார் ஜெஸிமா.

“நான் தொடல. எங்க வீட்டுல... சரி, நானும்தான் தொடுறேன்.”

மணப்பெண் ரவிக்கை தைக்கும் சகாயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஏசுவே! காலையில ஜெபம் முடிஞ்சதும் அதைத் தொட்டுட்டுத்தான் நான் மிஷின்லயே உக்காருவேன். தங்கச்சிங்க நாலு பேருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.”

அதன்பிறகு சிரிப்பு எழுந்தது. முதலில் தங்கையன், பிறகு பிச்சை, பிறகு கடை முழுவதும். எவ்வளவு காலமாகத் தொட்டோம், யார் யாரைத் தொடச் சொன்னோம் என்று ஒருவரையொருவர் மிஞ்சிச் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் தம் வங்கி மேலாளரையும் தொடச் சொல்லியிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஜெஸிமா பேசினார். “இனிமே ஒரு நிபந்தனை. உங்க கடை காலையில எப்படித் திறக்குதுன்னு கண்ணால பாக்காம யாருக்கும் விளம்பரம் போட மாட்டேன். அதுக்குத் தனிக் கட்டணம் உண்டு.”

“கட்டணமா?” என்றார் பிச்சை.

“உங்க வீட்டு ஆளுங்க தொட்டதுக்குக் குடுத்தீங்களே, அதுல கால்வாசிகூட வராது.”

“நாளைக்கு எங்க கடைக்கு வந்துடுங்கம்மா. திருவானைக்காவல்தான், பக்கம்.”

“அதெப்படி? நான்தான் முதல்ல சொல்ல வாயெடுத்தேன்,” என்றார் சகாயம்மாள். “ஜெஸிமாக்கா நாளைக்கு என்கிட்டத்தான் வர்றாங்க. நீங்க நாளன்னைக்கு.”

பின்னாலிருந்து மேலும் இரண்டு குரல்கள் முறை கேட்டன. பேட்ரிசியா கைப்பேசியை எடுத்து, கேட்டவர் பெயர்களை வரிசையாகக் குறிக்கத் தொடங்கினார். பிச்சை தம் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.